பேரிங்கைக் கொல்வது கிலோமீட்டர் அல்ல

சக்கரப் பக்கம் ஊளைச் சத்தம் கேட்கிறது என்று காரைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால், பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். "பேரிங் போயிடுச்சு சார். எழுபதாயிரம் ஓடியிருக்கே, தேயாம இருக்குமா?" நாமும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டுகிறோம். செருப்பு தேய்கிற மாதிரி பேரிங்கும் ஓட ஓடத் தேயும், தீர்ந்தால் புதிது போட வேண்டியதுதான் என்று காரோட்டி நம்புகிறார், மெக்கானிக் நம்புகிறார், ஸ்பேர் கடைக்காரரும் நம்புகிறார். மூன்று பேர் ஒரே குரலில் சொல்வதாலேயே ஒரு விஷயம் உண்மையாகிவிடாது.

சக்கர பேரிங் ஓடியதால் மட்டும் சாவது அபூர்வம். அடிபட்டு, நனைந்து, வெந்து, அல்லது மாட்டிய அன்றே காயப்பட்டுத்தான் அவை சாகின்றன. அந்தக் காயம் சத்தமாக வெளியே வர எவ்வளவு காலம் பிடித்தது என்பதைத்தான் மீட்டரில் தெரியும் எண் சொல்கிறது. சாவுக்கான காரணம் அந்த எண்ணில் இல்லை. இதை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தேய்ந்துபோச்சு' என்று கையை உதறிவிட்ட இடத்தில், கொன்றது எது என்று யாரும் தேடுவதில்லை. தேடாததால் அடுத்த பேரிங்கும் அதே காரணத்தால் போகிறது; பணமும் போகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பேரிங் உடைந்தால் போவது பணம் மட்டுமல்ல.

முதலில், ஓடாமலே செத்த பேரிங்குகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1930களில் அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலேற்றித் தொலைதூர ஊர்களுக்கு அனுப்பினார்கள். போய் இறங்கிய கார்களில் சக்கர பேரிங்குகள், வாங்குபவர் ஓட்டிப் பார்க்கும் முன்பே கெட்டிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஆல்மன் என்ற பொறியாளர் இதை ஆராய்ந்து 1937இல் எழுதினார். பயணத் தூரம் கூடக்கூடச் சேதமும் கூடியது; எந்தப் பருவத்தில் அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தும் மாறியது. ரயில் குலுங்கக் குலுங்க, கட்டிப்போட்ட காரின் சக்கரம் நின்ற இடத்திலேயே நூலிழை அளவு அசைகிறது. குண்டுகள் உருள்வதில்லை, ஒரே இடத்தில் நின்று உரசுகின்றன. அங்கிருந்த கிரீஸ் பக்கவாட்டில் ஒதுங்கிவிடுகிறது. திரும்பி வர வழியில்லை. இரும்பும் இரும்பும் உரசி, ஒவ்வொரு குண்டும் நின்ற இடத்தில் ஒரு குழி விழுகிறது. சக்கரம் சுற்றியிருந்தால் சுற்றுக்குச் சுற்று கிரீஸ் வந்து பூசியிருக்கும், அந்த பேரிங்குகள் பிழைத்திருக்கும். ஓட்டம்தான் பேரிங்குக்கு எமன் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

பேரிங்குக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த நம்பிக்கை எங்கே தவறுகிறது என்பது விளங்கும். இன்றைய கார்களின் முன் ஹப்பில் பெரும்பாலும் இரண்டு வரிசைக் குண்டுகள் இருக்கும். உள்வளையம், வெளிவளையம், நடுவில் குண்டுகள், அவற்றை இடைவெளி விட்டு நிறுத்தும் கூண்டு, இரு பக்கமும் ரப்பர் உதடு வைத்த சீல். பேரிங் எஃகில் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம். ராக்வெல் அளவையில் 60ஐ ஒட்டிய கடினம். சாதாரண அரத்தை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். குண்டு வளையத்தைத் தொடும் இடம் மிகச் சிறிய ஒரு கீற்று. அந்தக் கீற்றில் ஏறும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்கைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் சிக்கிய எண்ணெய் பிதுங்கி ஓடாது. கண நேரத்துக்குக் கெட்டிப்பட்டு, குண்டைத் தன்மேல் தாங்கிக்கொள்ளும். அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடி எழுபது மைக்ரான் அளவில் இருக்கும் என்றால் இதன் மெல்லிமையை நினைத்துப் பாருங்கள். அந்தப் படலம் இருக்கும்வரை இரும்பை இரும்பு தொடுவதில்லை. தொடாத இரண்டு பரப்புகள் எப்படித் தேயும்?

சாவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எஃகு களைக்கும். குண்டு மேலே ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் வளையத்தின் பரப்புக்குச் சற்றுக் கீழே, உள்ளுக்குள், எஃகு நெரிபடுகிறது. எஃகில் கலந்துள்ள நுண்ணிய அசுத்தத் துணுக்கு ஒன்றை ஒட்டி விரிசல் பிறக்கிறது. கோடிக்கணக்கான முறை நெரிபட்டபின் அந்த விரிசல் மேலே வருகிறது, ஒரு செதில் பெயர்ந்து விழுகிறது. இதுதான் பேரிங்கின் இயற்கை மரணம். இதைக் கணக்கிடும் முறையை ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்பெரி, பாம்கிரேன் இருவரும் 1947இல் வகுத்தார்கள். ஐஎஸ்ஓ 281 என்ற சர்வதேசத் தரநிலை அதன் மேல்தான் நிற்கிறது. குண்டு பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். சுமை பாதியானால் எட்டு மடங்கு நீளும்.

அந்தக் கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு பேரிங் தன் சுமைத்திறனில் பத்தில் ஒரு பங்கைத் தொடர்ந்து தாங்கி ஓடுகிறது என்று வையுங்கள். கணக்குப்படி அதற்கு 100 கோடிச் சுற்று ஆயுள். சின்னக் காரின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 550 சுற்றுச் சுற்றும். வகுத்தால் 18 லட்சம் கிலோமீட்டர் வருகிறது. வளைவுகளில் ஏறும் பக்கச் சுமையை மனதில் கொண்டு, பத்தில் ஒன்று என்பதைப் பத்தில் இரண்டு என்று வைத்தாலும் 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல் வரும். அதுவும் எல்லா பேரிங்கும் செத்துத் தீரும் தூரம் அல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு பேரிங் தாண்டிப் போகும் தூரம். சரிபாதி சாவதற்கு அதைப்போல் நாலைந்து மடங்கு ஓட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1985இல் எஸ்கேஎஃப் பேரிங் நிறுவனத்தின் அயோனிடிஸ், ஹாரிஸ் இருவரும் இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். எஃகுக்கு ஒரு களைப்பு வரம்பு இருக்கிறது. உள்ளே தூசு தும்பு இல்லாமல், எண்ணெய்ப் படலம் அறாமல், சுமையும் அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் களைப்பால் சாவு என்பதே கிட்டத்தட்ட இல்லை என்றார்கள். 2007ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ தரநிலை இந்தக் கருத்தை ஏற்று, அசுத்தத்துக்கென்றே ஒரு காரணியைச் சூத்திரத்தில் சேர்த்துக்கொண்டது. பேரிங்கைச் செய்கிறவர்களே தூய்மையைத்தான் ஆயுளின் திறவுகோலாக வைக்கிறார்கள். நாம் மட்டும் கிலோமீட்டரை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"ஏட்டுக் கணக்கு ரோட்டுக்கு உதவாது" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ரோட்டையே பார்ப்போம். வாடகைக் கார் ஒன்று கம்பெனியில் போட்ட பேரிங்கோடு இரண்டரை லட்சம், மூன்று லட்சம் ஓடிக்கொண்டிருக்கும். அதே மாடல், சொந்தக் கார், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் எடுப்பது, நாற்பதாயிரத்துக்குள் இரண்டு முறை பேரிங் மாற்றியிருக்கும். கார் ஓட்டும் எவருக்கும் இந்த இரண்டு வகையும் தெரிந்திருக்கும். ஓட்டமே காரணம் என்றால் முதல் காரில் அல்லவா அடிக்கடி போக வேண்டும்? நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் கார் பிழைக்கிறது. பள்ளமும் தண்ணீரும் உள்ள தெருவில் கொஞ்சமாக ஓடும் கார் மாட்டிக்கொள்கிறது. ரோடும் என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். பேரிங்குக்கு இரண்டு சுமைத்திறன்கள் உண்டு. ஒன்று ஓடும்போது தாங்குவது. மற்றது அடிபடும்போது தாங்குவது. இரண்டாவதை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் தெரியுமா? குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிரந்தரக் குழி விழுந்தால் அதுதான் எல்லை. குண்டு 12 மில்லிமீட்டர் என்றால் 1.2 மைக்ரான் குழி. கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்துக்கும் தட்டாது. அவ்வளவுதான் அனுமதி. டயரின் காற்றும் ஸ்பிரிங்கும் அடியின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால்தான் பேரிங் பிழைத்திருக்கிறது. காற்று குறைந்த டயரோடு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் விளிம்பு கூரான பள்ளத்தில் இறக்கினால், ரிம் நேரே தரையில் மோதும், அடி அப்படியே குண்டுகளுக்குப் போகும். அந்தக் கணத்தில் எந்தக் குண்டுகள் அடியைத் தாங்கினவோ அவற்றுக்கு நேரே வளையத்தில் குழி விழுந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அந்தக் குழியின் விளிம்பில் ஏறி இறங்கும். அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் அறும். சில ஆயிரம் கிலோமீட்டரில் விளிம்பு பெயரத் தொடங்கும். சத்தம் வருவது அப்போதுதான். சத்தம் வந்த நாளின் மீட்டர் எண்ணை எழுதிக்கொள்கிறோம். பள்ளத்தில் விழுந்த நாளை மறந்துவிடுகிறோம்.

நடைபாதைக் கல்லில் பக்கவாட்டாக இடிப்பது இதைவிட மோசம். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஹப்பின் மையம்வரை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். பேரிங்கின் இரண்டு குண்டு வரிசைகளுக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். டயரின் அடியில் விழும் பக்கவாட்டு இடி, அந்த நெம்புகோல் நீளத்தால் பல மடங்கு பெருகி, இந்தச் சின்ன இடைவெளியில் வந்து இறங்குகிறது. ஷோரூமை விட்டு வந்ததும் பெரிய அலாய் வீலும் ஒல்லியான டயரும் மாட்டுகிறவர்கள், அடியை வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சக்கரம் வெளியே துருத்தி நிற்க வேண்டும் என்று ஸ்பேசர் வைப்பவர்கள், ஓடும் ஒவ்வொரு மீட்டரிலும் பேரிங்கை ஒரு பக்கமாக முறுக்குகிறார்கள். அந்த பேரிங் முப்பதாயிரத்தில் ஊளையிட்டால் தேய்மானத்தின் மேல் பழி போடுவது அநியாயம்.

நம் வேகத்தடைகளையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த முறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்துக்குப் படுத்து, 10 சென்டிமீட்டர் மட்டுமே எழும்ப வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் கார் நோகாமல் ஏறி இறங்கலாம். தெருவுக்குத் தெரு அவரவர் கொட்டி வைத்திருக்கும் மேடுகளில் எத்தனை அந்த அளவில் இருக்கின்றன? மழைக்காலம் முடிந்ததும் மூடாமல் கிடக்கும் பள்ளத்துக்கும், விதிக்குப் புறம்பான மேட்டுக்கும் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். 'தேய்ந்துபோச்சு' என்ற ஒரு சொல் அவர்களையும் சேர்த்தே விடுவித்துவிடுகிறது.

தண்ணீர் இதைவிடச் சத்தமில்லாமல் கொல்லும். "சீல்டு பேரிங் சார், ஒரு சொட்டு உள்ளே போகாது" என்பார்கள். அந்த ரப்பர் உதடு, டயர் வாரி இறைக்கும் தண்ணீரையும் சேற்றையும் தடுக்கச் செய்தது. ஹப் முழுதும் மூழ்கி நிற்பதைத் தாங்க அதைச் செய்யவில்லை. பிரேக் பிடித்துப் பிடித்துக் காய்ந்த ஹப், முழங்கால் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே சூடாக இருந்த காற்றும் சுருங்கும். அந்தச் சுருக்கம் வெளியிலிருந்து உறிஞ்சும். உறிஞ்சும் இடத்தில் இருப்பது தெருத் தண்ணீர். கொஞ்சம் புகுந்தால் போதும். கிரீஸ் பால்போல் வெளுத்துக் கட்டியாகும், படலம் அறும். கார் நின்றிருக்கும் இரவுகளில் ஒவ்வொரு குண்டும் தொட்டு நிற்கும் இடத்தில் துருக் கீற்று விழும்.

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலில் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன! இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள், சீட்டைக் கழற்றிக் காயவைத்தார்கள், எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தார்கள், நாற்றம் போக மருந்தடித்தார்கள். நான்கு ஹப்பையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னவர்கள் எத்தனை பேர்? அப்படி மூழ்கி எழுந்த காரில் எட்டு மாதம் கழித்துச் சத்தம் கேட்டால், மெக்கானிக் மீட்டரைப் பார்க்கிறார், நாமும் மீட்டரைப் பார்க்கிறோம். வெள்ளத்தை இருவருமே நினைப்பதில்லை. வாட்டர் வாஷ் கடையில் காரை லிஃப்டில் தூக்கி, ஹப்பின் சீலுக்கு நேரே பிரஷர் கன்னை வைத்துச் சேறு கழுவுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. சேற்றைச் சக்கரத்தின் விளிம்பிலிருந்து கழுவுங்கள். சீலின் உதட்டில் குறிவைக்காதீர்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். ஒரு முறை மாற்றிய பேரிங் சீக்கிரமே மறுபடி போனால், அது மாட்டிய மேசையிலேயே சாகத் தொடங்கியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பட்டறையில் கிட்டே நின்று பாருங்கள். பேரிங் உட்காரும் நக்கிளைக் கழற்றி, பழைய பேரிங்கைத் தட்டித் தள்ளுகிறார்கள். துளையில் ஒட்டியிருக்கும் துருவை வேஸ்ட் துணியால் ஒரு துடைப்பு. புது பேரிங்கை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துளையின் வாயில் வைக்கிறார்கள். அதன் மேல் கையில் கிடைத்த சாக்கெட் ஒன்று. பிறகு சுத்தியல். ணங், ணங் என்று அடித்துக்கொண்டே வந்து, சத்தம் கனத்ததும் "உக்காந்துடுச்சு" என்கிறார்கள். அந்த சாக்கெட் எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்பதுதான் கேள்வி. நக்கிளுக்குள் இறுக்கமாக ஏற வேண்டியது வெளிவளையம். சாக்கெட் இருந்தது பெரும்பாலும் உள்வளையத்தின் மேல். உள்வளையத்தில் விழுந்த அடி வெளிவளையத்துக்குப் போக ஒரே வழி குண்டுகள் மூலமாகத்தான். ஆக, வெளிவளையத்தை உள்ளே தள்ளத் தேவையான அத்தனை விசையும் குண்டுகளின் வழியே போய், வளையத்தில் குழியடித்துவிட்டது. பெட்டியிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த பேரிங் காயம்பட்டுவிட்டது. மீட்டர் இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட நகரவில்லை.

அடுத்து ஹப்பை உள்வளையத்துக்குள் ஏற்ற வேண்டும். இங்கே விதி தலைகீழ். அடியில் உள்வளையத்துக்கு முட்டுக் கொடுத்துப் பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். முட்டு இல்லாமல் நக்கிளை மட்டும் தாங்கவைத்து அழுத்தினால், மறுபடியும் குண்டுகளே அடிவாங்கும். வெளிவளையத்தை ஏற்றும்போது வெளிவளையத்தைத் தள்ளு, உள்வளையத்தில் ஏற்றும்போது உள்வளையத்தைத் தாங்கு: மொத்த நுட்பமும் இவ்வளவுதான். தேவைப்படுவது ஒரு பிரஸ்ஸும், அளவுக்கேற்ற நாலைந்து இரும்பு வளையங்களும். லேத் பட்டறையில் கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார்கள்.

இன்னும் இருக்கிறது. காந்தப் பட்டை வைத்த சீல் உள்ள பேரிங்கில் அந்தப் பக்கம் ஏபிஎஸ் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். சென்சார் போய்விட்டதாக அதற்கும் ஒரு பில் வரும். ஆக்சில் நட்டைக் கார் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். அளவு காருக்குக் கார் மாறும்; பல கார்களில் 200 நியூட்டன் மீட்டரைத் தொடும், சிலவற்றில் தாண்டும். பிளந்த இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடித்து, குண்டுகளைச் சரியான இறுக்கத்தில் வைப்பது அந்த நட்தான். நட்டை இறுக்கும் கன்னை வைத்து 'டர்ர்' என்று விட்டால் எவ்வளவு இறுகியது என்று அடித்தவருக்கே தெரியாது. நட்டை முழுதாக இறுக்கும் முன்பே ஜாக்கியை இறக்கி, காரின் எடையைச் சக்கரத்தில் ஏற்றுவதும் தவறு. பிடிப்பில்லாத வளையங்கள் சாய்ந்து, குண்டுகள் விளிம்பில் ஏறிவிடும்.

இத்தனையும் நடந்தபின், மூன்று மாதத்தில் அதே ஊளை. "இப்போ வர்ற பேரிங் எதுவும் தரமில்ல சார்." சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் கம்பெனி ஷோரூமில் வாங்கினாலும் இதே பேச்சுதான். போலிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. பெட்டி, எழுத்து, முத்திரை எல்லாம் அப்படியே நகலெடுத்து விற்கிறார்கள். எஸ்கேஎஃப், ஷேஃப்ளர் போன்ற நிறுவனங்கள் சரக்கைச் சரிபார்க்க கைபேசிச் செயலியே வைத்திருக்கின்றன. ஆனால் அசல் பேரிங்கையும் சுத்தியலால் கொன்றுவிட்டு, தரத்தின் மேல் பழி போடுவது முறையா? உண்மையில், கடந்த அறுபது வருடங்களில் பேரிங் எஃகு மிகவும் சுத்தமாகிவிட்டது. வெற்றிடத்தில் வாயு நீக்கும் முறை வந்தபின் களைப்புக்கு வித்திடும் அசுத்தத் துணுக்குகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. எஃகு முன்னேறிய அளவுக்கு மாட்டும் முறை முன்னேறவில்லை.

மெக்கானிக்குகளைத் திட்டுவது என் நோக்கம் அல்ல. அம்பாசடர் காலத்துக் கைகள் வேறு வேலையைக் கற்றவை. அந்தக் காரின் முன் சக்கரத்துக்குக் கப்பையும் கோனையும் தனித்தனியாகப் போட்டு, உள்ளங்கையில் கிரீஸை வைத்து ரோலர்களுக்குள் ஊட்டி, நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அளவாகத் தளர்த்தி, காட்டர் பின் போடுவார்கள். விரல் நுனியில் அளவு இருந்தது. இன்றைய ஹப் அந்த விரலுக்கு இடம் கொடுப்பதில்லை, கருவியைக் கேட்கிறது. அந்தக் கருவிக்கும் அரைமணி நேரக் கூடுதல் உழைப்புக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க நாம் முன்வர வேண்டும். சக்கரத்துக்கு இவ்வளவு என்று கூலியைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, பிரஸ் இல்லையே என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

பரிசோதனையிலும் ஒரு தவறான நம்பிக்கை வேரோடியிருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, "பிளே இல்ல, பேரிங் நல்லாருக்கு" என்று இறக்கிவிடுவார்கள். இன்றைய இரட்டை வரிசை பேரிங் இறுக்கத்தோடு பிடிக்கப்பட்டிருப்பது. வளையத்தில் செதில் பெயர்ந்து, துகள் கிரீஸில் கலந்து, சத்தம் எழும்பிய பிறகும் ஆட்டம் தெரியாமல் இருக்கலாம். ஆட்டம் தெரியும்போது நோய் முற்றிவிட்டது. செய்ய வேண்டியது வேறு: சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். நல்ல பேரிங்கில் கைக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணலை அரைப்பதுபோன்ற நறநறப்பு ஸ்பிரிங் வழியே ஏறிவரும்.

ஓட்டும்போது ஆளில்லாத அகலச் சாலையில் ஐம்பது, அறுபதில் போய் ஸ்டீரிங்கை மெதுவாக இடம் வலம் ஒடித்துப் பாருங்கள். இடப்பக்கம் ஒடித்தால் எடை வலச் சக்கரத்தில் ஏறும்; அப்போது ஊளை கூடினால் வலப்பக்கத்தை முதலில் சந்தேகியுங்கள். சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் குற்றவாளி பெரும்பாலும் டயர்தான். அலையலையாகத் தேய்ந்த டயர், பேரிங் மாதிரியே ஊளையிடும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிவதும் நடக்கிறது.

எதிர்த்தரப்பில் உண்மையான வாதம் ஒன்று உண்டு, அதை ஒளிக்க மாட்டேன். கிரீஸுக்கு வயது ஏறும். ஆயுளுக்கும் போதும் என்று உள்ளே அடைத்த கிரீஸ் காற்றோடு சேர்ந்து கெடும், எண்ணெயைக் கசியவிட்டு வறளும். காலமும் ஓட்டமும் இங்கே கணக்கில் வருகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கேயும் வேகத்தை முடிவு செய்வது சூடு. பேரிங் தயாரிப்பாளர்களின் வழிகாட்டுதல்படி 70 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் முப்பத்தாறு வளைவுகளிலும், கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர், டிஸ்க்கின் சூட்டை ஹப்புக்குள் இறக்குகிறார். இரண்டாம் கியரில் இறங்குகிறவரின் கிரீஸ் அந்தச் சூட்டிலிருந்து தப்பிக்கிறது. ஒரே மலை, ஒரே தூரம், ஒரே மீட்டர் எண். ஆயுள் மட்டும் வேறு.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். செத்த பேரிங்கைக் கேளுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிங் மெஷினால் வெளிவளையத்தை அறுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குண்டுக்குக் குண்டு சம இடைவெளியில் குழிகள் இருந்தால் அடி: பள்ளம், நடைபாதைக் கல் அல்லது சுத்தியல். அதே இடைவெளியில் செந்நிறக் கீற்றுகளும் வெளுத்த கிரீஸும் இருந்தால் தண்ணீர். வளையம் வைக்கோல் நிறமாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் சூடு. மினுமினுப்பு போய் மங்கலாக, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் மணல் புகுந்து அரைத்திருக்கிறது. உண்மையான தேய்மானம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான், இதற்கும் காரணம் கிலோமீட்டர் அல்ல, கிழிந்த சீல். மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல் பளபளக்க, சுமை தாங்கும் பகுதியில் மட்டும் செதில் பெயர்ந்திருந்தால் அந்த பேரிங் தன் காலத்தை வாழ்ந்து முடித்தது. அதற்கு மட்டும் வயதைக் காரணம் சொல்லுங்கள்.

இப்படிப் பார்ப்பதால் யாருக்கு நட்டம் என்பதையும் யோசியுங்கள். வாரன்டிக் கோரிக்கையை 'தேய்மானம்' என்று எழுதித் திருப்பி அனுப்பும் மேசைக்கு நட்டம். சுத்தியலோடு வேலையை முடிக்கும் பட்டறைக்கு நட்டம். சாலையைத் தோண்டிவிட்டு மூடாமல் போகும் ஒப்பந்தக்காரருக்கு நட்டம். காருக்குச் சொந்தக்காரரான உங்களுக்கு லாபத்தைத் தவிர வேறில்லை.

அடுத்த முறை பேரிங் மாற்றும்போது நான்கு காரியம் செய்யுங்கள். பிரஸ்ஸும் டார்க் ரெஞ்சும் இருக்கும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள். அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பேரிங்கைக் கையோடு கேட்டு வாங்கி, அறுத்துப் பார்க்காமல் "தேய்ந்துபோச்சு" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.